ஒருபொழுது

மூச்சு உள்ளே வருகிறது என்று மைக்கில் சொன்னார் நெல்லையப்பன் சார். சொல்லிவிட்டு மைக்குக்குள்ளேயே ஒரு மூச்சு இழுத்தார். அது கூடத்தின் நான்கு மூலையிலும் போய் மோதி, குக்கர் விசில் அடிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற சத்தமாகத் திரும்பி வந்தது. மூச்சு வெளியே போகிறது. செண்பகவல்லிக்குச் சிரிப்பு மூக்கு வரைக்கும் வந்து நின்றது. உள்ள வா, உள்ள வா, படியில நிக்காத, எறங்குறவங்களுக்கு வழி விடு, ஏம்மா கைப்பிள்ளைக்காரம்மா முன்னால போ. டவுன் பஸ் கண்டக்டரின் குரல் அவள் நெஞ்சுக்குள் தானாக ஓட, மூச்சு ஒரு கால் படியிலும் ஒரு கால் அந்தரத்திலுமாகத் தொங்கிக்கொண்டு போனது. சனிக்கிழமை காலை பத்து மணி. விடுதியின் பிரார்த்தனைக் கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகள் நாற்பத்தொரு பேர் சம்மணம் போட்டுக் கண்ணை மூடியிருந்தார்கள். நாற்பத்திரண்டாவது ஆள் உட்கார வேண்டிய இடம் செண்பகவல்லிக்கு வலது பக்கத்தில் காலியாகக் கிடந்தது. பரீட்சைக்கு இன்னும் பத்தொன்பது நாள். பிள்ளைகள் பதறிவிடக் கூடாதென்று, மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற நெல்லையப்பன் சாரை வார்டன் வரவழைத்து வாரத்துக்கு ஒரு மணி நேரம் மன அமைதி வகுப்பு வைத்திருந்தார். மனசுங்கிறது ஒரு டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி பிள்ளைகளா, உள்ள எவ்வளவு வோல்டேஜ் வந்தாலும் வெளிய போறது சீராப் போகணும் என்றுதான் ஒவ்வொரு வாரமும் ஆரம்பிப்பார். செண்பகவல்லியின் டிரான்ஸ்ஃபார்மரில் வியாழக்கிழமையிலிருந்து பொறி பறந்துகொண்டிருந்தது. அது வெளியே தெரியாமல் இருக்க அவள் முதுகை நேராக வைத்திருந்தாள், முகத்தைப் பூசணிக்காய் மாதிரி வைத்திருந்தாள், பூசணிக்காய்க்கு உள்ளே என்ன ஓடுகிறதென்று யாருக்குத் தெரியும்.

கண்ணை மூடினாலும் அந்தக் காலி இடம் தெரிந்தது. கண்ணுக்கு இல்லை, வலது தோளுக்கு. மின்விசிறிக் காற்று மற்ற சனிக்கிழமைகளில் பிரின்சி மேல் பட்டு, அவள் தலையெண்ணெய் வாசத்தையும் கொஞ்சம் கிள்ளி எடுத்துக்கொண்டுதான் இவளிடம் வரும். இன்றைக்கு நேராக வந்தது, வெறுங்காற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் படிப்பு மணி அடிக்கிறதுக்குள்ள வந்துருவேன்ட்டி, மாதா சத்தியமா, என்று சொல்லிவிட்டுப் போனவள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது, படிப்பு மணி அடித்தது, சாப்பாட்டு மணி அடித்தது, விடிந்து சனிக்கிழமையும் ஆகிவிட்டது, பிரின்சியைக் காணோம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போன பிள்ளை, ஒரு நாள் முன்னே பின்னே ஆகத்தான் செய்யும் என்று வார்டன் நினைத்துக்கொண்டிருந்தார். நோயாளி இருக்கிற வீட்டுக்கு ஃபோன் அடித்துத் தொந்தரவு பண்ணக் கூடாது, நல்ல சேதி என்றால் அவர்களே சொல்வார்கள் என்று மெஸ் அக்காவிடம் சொல்லவும் செய்தார். செண்பகவல்லியால் அப்படி நினைக்க முடியவில்லை. ஏனென்றால் பிரின்சியின் அப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உடம்பு சரியில்லை என்று வார்டனுக்கு ஃபோன் பண்ணிச் சொன்ன பிரின்சியின் அம்மா, செண்பகவல்லிதான்.

எண்ணம் வரும், வந்தால் துரத்தாதீர்கள், வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுங்கள் என்றார் சார். வந்துவிட்டுப் போகிற எண்ணமாக இருந்தால் விடலாம். இது பெட்டி படுக்கையோடு வந்த எண்ணம், வந்ததும் கால் கழுவத் தண்ணீர் எங்கே என்று கேட்கிறது. வியாழக்கிழமை மத்தியானம். பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை அக்காவின் செல்லை இரவல் வாங்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் நின்றார்கள், இவளும் பிரின்சியும். விடுதி ஃபோன் கூப்பிடுகிற நம்பரைக் காட்டாத பழைய ஃபோன். செண்பகவல்லி பேசுவதற்கு முன்னால் இல்லாத முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். குரலுக்கு முன்னால் உடம்பு வர வேண்டும், அது அவளுடைய தொழில் ரகசியம். கோவில்பட்டிப் பக்கத்தில் இவள் அப்பா மைக் செட் வைத்திருக்கிறார், கல்யாணம் காதுகுத்து பூப்புனித நீராட்டு எல்லாவற்றிலும் மைக்கைப் பிடிக்கிற தாய்மாமன்களையும் தலைவர்களையும் பார்த்துப் பார்த்து அவள் கற்றுக்கொண்டது அது. மைக்கைப் பிடிக்கிற கையைப் பார்த்தாலே வாயிலிருந்து என்ன வரும் என்று சொல்லிவிடலாம். பிரின்சியின் அம்மா மரியசெல்வத்துக்கு இடது கை இடுப்பில் இருக்கும், ஒவ்வொரு வாக்கியமும் அலைச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று உச்சத்தில் புறப்பட்டு இறங்கும். மிஸ்ஸு, நான் பிரின்சிக்க அம்மா பேசுதேன், கேக்கா? அவ அப்பாவுக்கு மேலுக்குச் சொகமில்ல மிஸ்ஸு. ரெண்டு நாளா கஞ்சித் தண்ணி எறங்கல. பிள்ளையப் பாக்கணும் பாக்கணும்னு கெடக்காவ. மாதாவே, ஒரே ஒரு நாளைக்கு அனுப்பி வைங்க மிஸ்ஸு. கஞ்சித் தண்ணி எறங்கல என்பது எழுதி வைத்ததில் இல்லை, வாயில் தானாக விழுந்த முத்து. பிரின்சி துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு முருங்கை மரத்தில் முகத்தை வைத்துக் குலுங்கினாள். உண்மையில் அவள் அப்பா கொச்சியிலிருந்து ஆழ்கடல் படகில் போகிறவர், நாற்பது நாளைக்கு ஒரு தடவை இரண்டு நாள் வீட்டுக்கு வருவார். அந்த இரண்டு நாள் இந்த வியாழனும் வெள்ளியுமாக வந்து வாய்த்தது. பரீட்சை மாதத்தில் அப்பா ஊருக்கு வருகிறார் என்றால் விடுதியில் விட மாட்டார்கள், நோய் வேண்டும், இல்லையென்றால் சாவு வேண்டும். சாவுக்கு இரண்டு பேருமே ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவு நேர்மை இருந்தது.

பிள்ளைகள் ஆவி மிஸ் என்று கூப்பிடுகிற வார்டன் ஆவுடையம்மாள் மிஸ், ஃபோனில் என்ன சொல்வார் என்று இவளுக்கு மனப்பாடம். ஒரு மாசத்துல எத்தன அப்பாவுக்குத்தான் ஒடம்பு சரியில்லாமப் போகும்? என்று மூக்கால் கேட்பார், கேட்டுவிட்டுக் கண்ணாடியை மேலே தள்ளுவார், அதற்குப் பதில் தயாராக இருந்தது, பதிலுக்குப் பதிலும் தயாராக இருந்தது. ஆனால் ஃபோனில் வந்த குரலை முதலில் வேறு யாரோ என்று நினைத்தாள். ஏம்மா, நீங்க பதறாதீங்க. பிள்ளைய நான் இன்னைக்கே அனுப்புறேன். எனக்கும் இப்படித்தான்மா ஒரு ஃபோன் வந்துது. எங்க அண்ணன் பேசினான், அப்பாவுக்கு முடியல, வான்னு. அவன் எப்பவும் அப்படிப் பொய் சொல்லித்தான் என்னக் கூப்பிடுவான். நான் நம்பல. பரீட்ச நேரம், பிள்ளைகள விட்டுட்டு வர முடியாதுன்னு வச்சிட்டேன். நான் போறப்ப மூணா நா பால் தெளிச்சு முடிச்சிட்டாங்க. மரியசெல்வமாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? இவளுடைய இடுப்பில் இருந்த கை தானாக இறங்கிவிட்டது. அந்தக் குரல் இன்னும் முடிக்கவில்லை. அவருக்குத் தேவலைன்னு நீங்க சொல்ற வரைக்கும் நான் ஒருபொழுது இருக்கேம்மா, கோமதி அம்மனுக்கு. நீங்க தைரியமா இருங்க. சரிங்க மிஸ் என்று ஒரு குரல் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தது. அது மரியசெல்வத்தின் குரலா, செண்பகவல்லியின் குரலா, இரண்டும் இல்லாத ஏதோ ஒன்றா, அவளுக்கு ஞாபகம் இல்லை. என்னட்டி சொல்லிச்சு ஆவி? என்று பிரின்சி கேட்டாள். விட்டுட்டுட்டி, ஓடு, என்று மட்டும் சொன்னாள்.

ஒருபொழுது என்றால் ஒரு நாளைக்கு ஒரு நேரம்தான் சாப்பாடு. வியாழன் ராத்திரி மிஸ் சாப்பிடவில்லை. வெள்ளி காலை சாப்பிடவில்லை, மத்தியானம் ஒரு கை சோறு, ராத்திரி இல்லை. இன்றைக்குக் காலையில் மெஸ்ஸில் வெண்பொங்கல். மிஸ் கையில் எவர்சில்வர் தம்ளரில் வெறும் தண்ணீரோடு வரிசை வரிசையாக நடந்து, ஏட்டி நீ சட்னி வாங்கல பாரு, ஏட்டி மிளகப் பொறுக்காத, முழுங்கு, என்று எல்லாரையும் சாப்பிட வைத்துக்கொண்டிருந்தார். மிஸ், நீங்க? என்று யாரோ கேட்டதற்கு, நான் அப்புறமா, என்றார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற ஆள். வருகைப் பதிவில் டிக் போடுகிறபோது பேனா நடுங்கியது, செண்பகவல்லி என்கிற பெயருக்கு நேரே விழுந்த டிக் ஒரு புழு மாதிரி நெளிந்திருந்தது. நல்லா இருக்கிற ஒரு மனுசனுக்காக ஒரு பொம்பள பட்டினி கிடக்கிறாள். இதை மைக்கில் சொன்னால் கூடமே சிரிக்கும். சிரிக்கும்தான். சிரிக்குமா? மூச்சு உள்ளே வருகிறது. மிஸ்ஸின் அந்தக் குரலை இரண்டு நாளாக மனசுக்குள் செய்து பார்க்கிறாள், வரமாட்டேன் என்கிறது. ஏம்மா, நீங்க பதறாதீங்க. முதல் தடவை செய்தால் நாடகத்தில் அழுகிற அம்மா வருகிறாள், இரண்டாம் தடவை வானிலை அறிக்கை வருகிறது, மூன்றாம் தடவை நெல்லையப்பன் சாரே வந்து மனசுங்கிறது ஒரு டிரான்ஸ்ஃபார்மர் என்கிறார். தாசில்தார், பாதிரியார், பால்காரர், பூம்பூம் மாட்டுக்காரர், ரயில்வே அறிவிப்புக்காரம்மா, பக்கத்து வீட்டுச் சேவல் எல்லாரும் கூப்பிட்ட குரலுக்கு வருகிற இந்தத் தொண்டைக்குள் அந்த ஒரு குரல் மட்டும் காலடி வைக்க மறுக்கிறது.

பிரின்சி எங்கே? இதுதான் முதல் கேள்வி, இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும், சுற்றிச் சுற்றி இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறாள். வீட்டில் சுகமாக இருந்து வறுத்த சீலா மீனை அப்பா கையால் தின்றுகொண்டிருக்கலாம். அப்படித்தான் இருக்கும். ஆனால் வீட்டுக்கே போகவில்லை என்றால்? வியாழக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினாள், இறங்கினாளா? வீட்டுக்காரர்களுக்கு அவள் வருவதே தெரியாது, அப்பாவைத் திடீரென்று போய்ப் பயமுறுத்தப் போகிறேன் என்று சொன்னாள். வீடு அவள் விடுதியில் இருப்பதாக நினைக்கும், விடுதி அவள் வீட்டில் இருப்பதாக நினைக்கும், நடுவில் ஒரு பிள்ளை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், ஒருத்தரும் தேட மாட்டார்கள். பிளஸ் டூ மாணவி மாயம், உறவினர்கள் அதிர்ச்சி என்று செய்தி வாசிக்கிறவர் அவள் தலைக்குள் நிறுத்தி நிதானமாக வாசிக்க ஆரம்பித்தார், நிறுத்துய்யா என்றால் இப்போது விளையாட்டுச் செய்திகள் என்கிறார். பிரின்சி வீட்டு நம்பர் பிரின்சியின் டைரியில் இருக்கிறது, டைரி பிரின்சியின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, சாவி பிரின்சியின் கழுத்தில். மிஸ்ஸின் பதிவேட்டில் அந்த நம்பர் இருக்கிறது. மிஸ்ஸிடம் கேட்க வேண்டும். கேட்டால் எதற்கு என்பார். சொன்னால் பெட்டியைக் கட்டு என்பார். போன வருசம் சுவர் ஏறிக் குதித்த முத்துப்பேச்சியை அவள் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போனபோது கேட்டில் நின்று எல்லாரும் பார்த்தார்கள், பரீட்சைக்கு அவள் தினம் இரண்டு பஸ் மாறி வந்தாள், வந்த பஸ் பழுதாகிக் கணக்குப் பரீட்சைக்கு முக்கால் மணி நேரம் பிந்தி வந்து, கேட்டுக்கு வெளியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா மைக் செட் வண்டியில்தான் வருவார், வேறு வண்டி கிடையாது. இரண்டு பக்கமும் குழாய் கட்டிய வண்டியில் மகளையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போவார். நீ வாயத் தொறக்காதட்டி என்று கூடப் படிக்கிற பேச்சியம்மாளும் ஜன்னத்தும் காலையில்கூடச் சொன்னார்கள். அவ கடல்ல குளிச்சிக்கிட்டுக் கெடப்பா, நீ ஏன் சாகுத. சொன்னா நாங்களும்லா மாட்டுவோம். இன்னொன்றும் இருக்கிறது. அவள் நாக்குக்கு அடியில் ஒரு கறுப்பு மச்சம் உண்டு. கருநாக்கு, இவ சொன்னாப் பலிக்கும், என்று மெஸ் அக்கா சொல்வாள். கிரைண்டர் இன்னைக்கு மண்டையப் போடும் என்று ஒரு நாள் இவள் சொன்னாள், போட்டது, எல்லாரும் ஒரு வாரம் உப்புமா தின்றார்கள். அந்த நாக்கால் கஞ்சித் தண்ணி எறங்கல என்று சொல்லியிருக்கிறாள். நாக்கு இவளுடையது, குரல் மரியசெல்வத்தினுடையது, சொல் எங்கிருந்தோ வந்து விழுந்தது. பலித்தால் யார் சொன்னதாகக் கணக்கு? அந்த ஆள் இப்போது பாயில் படுத்துக்கொண்டு கஞ்சியைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தால்? இதெல்லாம் ஒரு பயமா என்று சிரிக்கப் பார்த்தாள். வாய்க்குள் நாக்கு கல் மாதிரி கிடந்தது.

நான் யார் என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள் என்றார் சார். பதில் சொல்ல வேண்டாம், சும்மா கேளுங்கள், கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். செண்பகவல்லி கேட்டாள். உள்ளே ஒரு பெருங்கூட்டம் எழுந்து கையைத் தூக்கியது. ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங் என்றார் அப்பா. கேக்கா மிஸ்ஸு என்றார் மரியசெல்வம். சேவல் கூவியது. கூட்டத்துக்குப் பின்னால், கேட்டுக்கு வெளியே, உள்ளே வராமல் ஒன்று நின்றுகொண்டிருந்தது. வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்து அங்கேதான் நிற்கிறது. பஸ் விபத்து, போலீஸ், கருநாக்கு என்று ஊரில் இருக்கிற பயத்தையெல்லாம் இவள் கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்ததே அதன் பக்கம் பார்க்கக் கூடாதென்றுதான். துரத்தாதீர்கள், வந்துவிட்டுப் போகட்டும். வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம், குளியலறைக்கு முன்னால் வாளி வரிசை, எட்டுப் பேர். பிரின்சி பஸ் ஏறி அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஏட்டி செம்பு, ஆவி என்னட்டி சொல்லிச்சு, எப்படிட்டி விட்டுச்சு, செஞ்சு காட்டுட்டி, என்று இவளைப் பிடித்துக்கொண்டார்கள். செஞ்சு காட்டினாள். முதலில் மரியசெல்வம், கஞ்சித் தண்ணிக்கே பேச்சியம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு மிஸ். அந்தக் குரல்தான் வரவில்லையே, வராததற்கு என்ன செய்வது, கையில் இருந்த பழைய ஆவியைப் போட்டாள், மூக்கால் பேசுகிற ஆவி, கண்ணாடியைத் தள்ளுகிற ஆவி. எங்க அண்ணன் பேசினான், நான் நம்பல. ஒரு சொல் விடவில்லை, அவள் ஞாபகம் அப்படிப்பட்ட ஞாபகம். நான் போறப்ப பால் தெளிச்சு முடிச்சிட்டாங்க என்று மூக்கால் இழுத்தாள், இழுத்துக்கொண்டே ஜன்னத்தின் வாளிக்குள் மக்கை விட்டுத் தண்ணீர் மொண்டு எட்டுப் பேர் மேலும் தெளித்தாள். அது யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, அதுவும் தானாக வந்த முத்துதான். அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு பெரிய சிரிப்பு அவளுக்குக் கிடைத்தது இல்லை. பேச்சியம்மாள் ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னத்துக்கு விக்கல் எடுத்தது. இவளும் சிரித்தாள், வயிறு வலிக்கச் சிரித்தாள், சிரிப்பு அடங்குகிறபோது எங்கேயோ ஒரு இடத்தில் பல் கூசுகிற மாதிரி ஒன்று, அவ்வளவுதான். மறுநாள் அது விடுதி முழுக்கப் போய்விட்டது. மிஸ் தலை தெரிந்தால் யாராவது மெதுவாக, பால் தெளிச்சாச்சா? என்பார்கள், பக்கத்தில் இருக்கிறவள் வாயைப் பொத்துவாள். நேற்று மத்தியானம் மெஸ்ஸில் ஒருத்தி கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள். மிஸ் திரும்பிப் பார்த்தார். பாலா? பாலு காலையிலேயே வந்துட்டேட்டி, யாருக்குப் பாலு வேணும்? என்று உண்மையாகவே கேட்டார். மேசையே அதிர்ந்தது. பிள்ளைகள் ஏதோ சந்தோசமாக இருக்கிறார்கள் என்று மிஸ்ஸும் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான். அந்தச் சிரிப்பைத்தான் இவள் பார்க்கக் கூடாதென்று பார்க்கிறாள், பிரின்சி காணாமல் போனதைக்கூட அதற்கு முன்னால் திரையாகக் கட்டிவிட்டிருக்கிறாள், சீ.

ஒரு கண்ணைத் திறந்தாள். கூடத்தின் வாசலை ஒட்டிப் பிளாஸ்டிக் நாற்காலியில் மிஸ்ஸும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வார்டன் எதற்கு இந்த வகுப்பில் உட்கார வேண்டும், உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கிறவள் இவள், பிடிக்காமல் கண்ணைத் தாழ்த்தினாள். மடியில் இருந்த மிஸ்ஸின் கை விரல்கள் மட்டும், விசிறிக் காற்றில் காலண்டர் தாள் ஆடுகிற மாதிரி, ஆடிக்கொண்டிருந்தன. இனிமேல் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் தீர்மானம் என்று ஒன்று வந்ததாக அவளுக்குப் பிற்பாடு ஞாபகம் இல்லை, எழுந்து நின்றதும் இடது கால் மரத்துப்போய்த் தரை எங்கே இருக்கிறதென்று தெரியாமல் தடுமாறியதுதான் ஞாபகம். வரிசைக்கு நடுவில் நொண்டி நொண்டி நடந்தாள். மூடிய கண்களுக்கு நடுவில் பேச்சியம்மாளின் ஒரு கண் மட்டும் திறந்து, போகாதட்டி, என்றது.

மிஸ் கண்ணைத் திறந்தார். "என்னட்டி, பாத்ரூமா?" என்றார் கிசுகிசுத்து.

"இல்ல மிஸ். கொஞ்சம் வெளிய வாங்க மிஸ்."

வராந்தாவுக்கு வந்ததும் செண்பகவல்லி சொன்னாள். "மிஸ், பிரின்சி அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல மிஸ்."

மிஸ்ஸின் முகம் அப்படியே விரிந்தது. கை நெஞ்சுக்குப் போனது. "தகவல் வந்துட்டா? எப்பட்டி வந்துது? அப்பாடா. கோமதித் தாயே. நான் ரெண்டு நாளா..." என்று தூணைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்குள் கண் நிறைந்துவிட்டது.

இதை அவள் நினைத்தே பார்க்கவில்லை. ஒரு கதவு தானாகத் திறந்து நின்றது. ஆமா மிஸ், தேவலையாம் மிஸ் என்று சொன்னால் போதும். மிஸ் சாப்பிடப் போய்விடுவார், கோமதி அம்மனுக்கு ஒரு தேங்காய் உடையும், பெட்டியும் கட்ட வேண்டாம், மைக் செட் வண்டியும் வர வேண்டாம். மிஸ்ஸின் அந்தச் சந்தோசத்தைக் கெடுக்காமல் இருப்பதுதான் நியாயம் என்றுகூட ஒரு குரல் பாதிரியார் மாதிரி எடுத்துச் சொன்னது. பிரின்சியை மட்டும் யாரும் தேட மாட்டார்கள்.

"தகவல் இல்ல மிஸ். அவருக்கு ஒண்ணுமே வரல மிஸ். வியாழக்கிழம ஃபோன்ல பேசினது நான்."

"எந்த ஃபோன்ல? அது மரியசெல்வம்லா பேசிச்சு."

"நான்தான் மிஸ். கஞ்சித் தண்ணி எறங்கலன்னு சொன்னது நான்."

மிஸ் அவளையே பார்த்தார். கோபம் வரும் என்று இவள் நின்றாள். கோபத்துக்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. "அப்ப பிள்ள எங்கட்டி?"

"தெரியல மிஸ். நேத்து சாயங்காலமே வந்துருவேன்னு சொன்னா."

மிஸ் ஓடினார். அந்த உடம்பு ஓடி இவள் பார்த்ததில்லை. அலுவலகத்தில் பதிவேட்டைப் புரட்டி நம்பரை ஒற்றி, பாதியில் தப்பாகப் போய், மறுபடி ஒற்றி, மணி போய்க்கொண்டே இருந்தது, போய்க்கொண்டே இருந்தது. ரிசீவரிலிருந்து இரண்டு அடி தள்ளி நின்ற செண்பகவல்லிக்கே கேட்கிற சத்தத்தில் மரியசெல்வம் பேசினார்.

"யாரு? மிஸ்ஸா? பிரின்சியா? இங்கதாம் மிஸ்ஸு கெடக்கா. நேத்து காலையில அலையில நின்னு வெளையாடி கால்ல திருக்க மீனு முள்ளு குத்திட்டு. காலு பூசணி கணக்கா வீங்கி ஊச போட்டிருக்கு. திங்கக்கெழம வரைக்கும் லீவுன்னுலா சொன்னா, அதான் நான் ஃபோன் பண்ணல."

மிஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல், "அவ அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

"அவுகளுக்கென்ன மிஸ்ஸு, குத்துக்கல்லு மாதிரி இருக்காவ. காலம்பறதான் கொச்சிக்கு பஸ் ஏறினாவ."

ஃபோனை வைத்துவிட்டு மிஸ் ரிசீவர் மேலேயே கையை வைத்திருந்தார். கூடத்திலிருந்து, மெதுவாக, இன்னும் மெதுவாக, என்று சார் சொல்வது கேட்டது. பெட்டியைக் கட்டு என்று மிஸ் சொல்வதற்காக இவள் காத்திருந்தாள், அதை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டால் தேவலை போல இருந்தது.

"அன்னைக்கு ஃபோன்ல," என்றார் மிஸ், மேசையைப் பார்த்துக்கொண்டு. "எங்க அப்பா விசயம் ஒண்ணு சொன்னேன். அத யாருகிட்டயாவது சொன்னியா?"

இல்ல மிஸ் என்பது இரண்டே சொல். இவ்வளவு உண்மை சொன்னவளுக்கு அந்த ஒன்றைக் கழித்துவிடலாம், மிஸ்ஸுக்கும் அது நல்லது, ஜன்னத்தும் பேச்சியம்மாளும் பிழைத்துப்போவார்கள்.

"எல்லாருகிட்டயும் மிஸ்," என்றாள். "செஞ்சு காட்டினேன் மிஸ்."

மிஸ்ஸின் உதடு ஏதோ கேட்கத் திறந்து, நின்று, பிறகு தானே கண்டுபிடித்தது. "பாலு," என்றார். "நேத்து மெஸ்ல... அது அதானா?"

"ஆமா மிஸ்."

மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அந்த முகத்தை இவள் பார்த்தது இல்லை. மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாக இரண்டு தழும்பு, அவ்வளவு வருசமாக அங்கே இருந்திருக்கிறது, எத்தனையோ தடவை இவள் செய்து காட்டிய முகத்தில் அது இருந்ததே இல்லை.

"போயி உக்காரு," என்றார் மிஸ். "இன்னும் பத்து நிமிசம் இருக்கு. உன்னய என்ன செய்யணும்னு நான் யோசிக்கணும்."

"மிஸ், நீங்க சாப்பிடுங்க மிஸ்."

"போட்டி, போ."

வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். மரத்த கால் இப்போது ஊசி ஊசியாகக் குத்தியது. வலது தோளில் அதே வெறுங்காற்று. திருக்கை முள், பூசணிக்கால், உயிரோடு இருக்கிறாள் சண்டாளி, என்று நினைத்தாள். திங்கட்கிழமை இங்கே இருப்போமா மாட்டோமா தெரியாது. பேச்சியம்மாளும் ஜன்னத்தும் சாயங்காலம் தலைமயிரைப் பிடிப்பார்கள், பிடிக்கட்டும், அதற்கப்புறம் குளியலறை வரிசையில் நின்று எட்டுப் பேரிடமும் ஒன்று சொல்ல வேண்டும், என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது. மூச்சு உள்ளே வருகிறது. வந்தது. யாருடைய பஸ்ஸிலும் ஏறாமல் சும்மா வந்தது, ஒரு தடவைதான், அடுத்த மூச்சிலேயே கண்டக்டர் வந்துவிட்டார். அலுவலகத்து ஜன்னல் கூடத்துப் பக்கம் திறந்திருந்தது. இவள் உட்கார்ந்த இடம் ஜன்னலுக்கு நேரே. உள்ளே மிஸ் மறுபடி ஃபோனை எடுத்து நம்பர் ஒற்றுவது கேட்டது. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சத்தம், நிதானமான ஒற்றல், யாரோ நெடுநாள் கூப்பிடாத நம்பரை ஞாபகத்திலிருந்து எடுத்து ஒற்றுகிற மாதிரி. எதிர்முனையில் எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. மிஸ் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டார். அண்ணே, நான்தான், என்று பேச்சு ஆரம்பித்தது. அதே குரல். இரண்டு நாளாக இவள் தொண்டைக்குள் கூப்பிட்டும் வராத அந்தக் குரல், பத்தடி தூரத்தில், கொஞ்சம் காதைத் தீட்டினால் போதும், ஏற்றம் இறக்கம் எல்லாம் அச்சாக விழுந்துவிடும், ஆயுசுக்கும் மறக்காது. செண்பகவல்லி இரண்டு கையையும் தூக்கி இரண்டு ஆள்காட்டி விரலையும் காதுக்குள் விட்டு அடைத்துக்கொண்டாள், நகம் குத்துகிற அளவுக்கு, முழங்கை இரண்டு பக்கமும் விடைத்துக்கொண்டு நிற்க.

நெல்லையப்பன் சார் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். "அந்த மூணாவது வரிசைப் பிள்ள," என்றார் மைக்கில், மிகவும் சாந்தமாக. "காத இல்லம்மா. கண்ண மூடணும், கண்ண."

அவளுக்குக் கேட்கவில்லை.